முதல் ஐந்நூறு மைல்

மோட்டார் யந்திரத்தைப் பற்றி நான் எழுத வந்திருப்பதைப் பார்த்து, என்னை நன்றாக அறிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. இருந்தாலும் ஒரு யந்திரத்தின் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்ற விஷயத்தில் 1978-ஆம் வருஷம் நான் ஓர் அபிப்பிராயம் சொன்னேன். அதற்கு விலையும் கொடுத்தேன். விலை கொடுத்தேன் என்று சொல்வது கூடப் பொய். கொடுத்தவள் என் தங்கை.

அவள் புருஷர் திருச்சியில் ஒரு பழைய அம்பாஸடரை வைத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. எண்ணெய் குடித்தது. தங்கையின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, யந்திரத்தை இறக்கி, சிலிண்டர்களை ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டார்கள். ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைக் கொடுக்கும்போது, "ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். ஐந்நூறு ஆனதும் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

முந்நூறு ஓடியிருந்தபோது கன்னியாகுமரிக்கு ஒரு சவாரி வந்தது. நல்ல பணம். அன்றைக்கு நான் தங்கை வீட்டில் இருந்தேன்.

"மச்சான், போகிற வழியிலேயே ஐந்நூறு தாண்டிவிடும். இப்போதே எண்ணெயை மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டார்.

அவர் இழுத்துக் காட்டிய அளவுகோலைப் பார்த்தேன். எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. லேசாகச் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான். "இவ்வளவு நல்ல எண்ணெயையா சாக்கடையில் கொட்டுவது, மாப்பிள்ளை? போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்றேன். நாலு லிட்டருக்கு மேல் எண்ணெய். அன்றைய நிலையில் அதன் விலை அந்தக் குடும்பத்துக்கு நாலு நாள் சாப்பாடு. நான் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது.

கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு அருகே, மே மாதத்து வெயிலில், யந்திரத்துக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்டது. அங்கேயே நின்றது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, வேறு ஒரு வயதான மேஸ்திரியிடம் விட்டோம். அவர் அடிச்சட்டியைக் கழற்றி, பேரிங் ஓடு ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிற உலோகத்தில், மணலை வாரி இறைத்த மாதிரி, பளிச்சுப் பளிச்சென்று பொடிகள் பதிந்திருந்தன. அவை ஏன் அங்கே வந்தன என்ற கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பதில் தேடிப் போனதில் எனக்கு ஒரு சரித்திரம் கிடைத்தது. எழுத்தாளனுக்குக் குற்றவுணர்ச்சியைத் தீர்த்துக்கொள்ள வேறு வழி ஏது?

சரித்திரத்தை நம் மாட்டு வண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மசகு என்பது நம் வண்டிக்காரர்களின் வார்த்தை. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் பூசுவார்கள். வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாயில் அது தொங்கிக்கொண்டே வரும். பூசிய மை நாளடைவில் உலோகப் பொடியும் தெருப் புழுதியும் சேர்ந்து கெட்டியாகிவிடும். நல்ல வண்டிக்காரன் சக்கரத்தைக் கழற்றி, பழைய மையை வழித்து எறிந்துவிட்டுத்தான் புதிது பூசுவான். சோம்பேறி பழையதன் மேலேயே பூசுவான். எண்ணெய் மாற்றும் சாஸ்திரம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை மனிதன் சரியாகத் தெரிந்துகொண்டதற்கு 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதை ரஸமானது. இங்கிலாந்தில் ரயில் வண்டிகளின் அச்சுகள் சூடேறித் தொல்லை கொடுத்த காலம். யந்திரப் பொறியாளர் சங்கத்தார், பீச்சாம்ப் டவர் என்ற பொறியாளரை, உராய்வைப் பற்றிப் பரிசோதனை செய்து சொல்லும்படி அமர்த்தினார்கள். அவர் 4 அங்குலக் கனமுள்ள ஒரு அச்சின் மேல் பேரிங் ஒன்றைத் தொப்பி மாதிரி கவிழ்த்து, அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் நனையும்படி வைத்துச் சுழற்றினார். பேரிங்கின் உச்சியில், எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக, அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிய ஆரம்பித்தது. இது என்ன தொல்லை என்று ஒரு தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்தினால் ஒரு முளை செய்து அடித்தார். அதுவும் வெளியே வந்தது. பிறகுதான் அவர் அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டிற்று. பேரிங்கின் மேல் அவர் வைத்திருந்த பாரமோ சராசரியாக 100 பவுண்டுதான்.

அதாவது, அச்சு பேரிங்கைத் தொடவே இல்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், ஒரு மெல்லிய படலமாக்கி, அதன் மேல் முழுப் பாரத்தையும் மிதக்க விட்டுக்கொண்டிருந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற பேராசிரியர் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் அந்தச் சமன்பாட்டைப் படிக்கிறார்கள். ஒரு தக்கை பிதுங்கி வந்ததிலிருந்து ஒரு சாஸ்திரம் பிறந்தது. டவர் எரிச்சலில் இன்னும் பலமான முளையாக அடித்துவிட்டுப் போயிருந்தால் அது அன்று பிறந்திராது.

இந்தப் படலத்தின் கனம் தலைமயிரின் கனத்தில் சிறு பகுதிதான். அதற்குள் ஒரு மணல் துகள் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பேரிங்குக்கு மிருதுவான வெள்ளை உலோகம் போடும் வழக்கம், அமெரிக்காவில் ஐஸக் பாபிட் என்பவர் 1839-இல் செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. மிருதுவாக இருப்பதன் லாபம், சிறு தூசிகளை அது தனக்குள்ளே விழுங்கிக்கொள்ளும். அச்சு பிழைக்கும். ஆனால் விழுங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. அளவுக்கு மிஞ்சினால், பதிந்த துகள்கள் மேலே முனை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் பேரிங் சாணைக்கல் ஆகிவிடும். இரும்பை மிருதுவான உலோகம் அரைத்துத் தின்கிற விந்தை இது. எங்கள் வண்டியின் கிராங்க் அச்சில் கிராமபோன் தட்டு மாதிரி கோடுகள் விழுந்திருந்தன.

ஆரம்ப கால மோட்டார் யந்திரங்களில் எண்ணெய் மாற்றுகிற பேச்சே எழவில்லை. எண்ணெய் உள்ளே தங்கினால்தானே மாற்றுவதற்கு? சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவார்கள். அது வேலையைச் செய்துவிட்டு, எரிந்தோ சிந்தியோ போய்விடும். ஆகாய விமானங்களில் இந்த முறை உச்சத்துக்குப் போயிற்று. பிரான்ஸில் ஸெகான் சகோதரர்கள் செய்த நோம் யந்திரத்தில், அச்சு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்கு ஊற்றியது நம் விளக்கெண்ணெய். பெட்ரோலில் அது எளிதில் கரையாது. உலோகத்தைப் பற்றிக்கொண்டு விடாத குணமும் அதற்கு உண்டு. சுழன்ற யந்திரம் அந்த எண்ணெயை வெளியே வாரி இறைக்கும். முதல் உலக யுத்தத்தில் அந்த விமானங்களை ஓட்டிய வாலிபர்கள் முகமெல்லாம் விளக்கெண்ணெய் வழிய, அதன் புகையையும் சுவாசித்துக்கொண்டு பறந்தார்கள். அதனால் அவர்களுக்கு வயிற்றில் என்ன நேர்ந்தது என்பதை, குழந்தைப் பருவத்தில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்த தமிழ் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-இல் ஒரு மசகெண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தார். பத்து வருஷம் கழித்து, 1909-இல், விளக்கெண்ணெய் கலந்து ஒரு மோட்டார் எண்ணெய் தயாரித்தார். ஆமணக்குக்கு இங்கிலீஷில் காஸ்டர் என்று பெயர். அதிலிருந்து காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் அந்தப் பெயர்ப் பலகையை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். அது வயல் வரப்பில் நிற்கிற ஆமணக்குச் செடியின் பெயர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. விளக்கெண்ணெய்க்கு ஒரு குறை உண்டு. சூட்டில் பிசின் மாதிரி இறுகி ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த கனிம எண்ணெய் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கவே, சாதாரண வண்டிகளில் அதுவே நிலைத்தது.

எண்ணெய் யந்திரத்துக்குள்ளேயே தங்கிச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அழுக்கும் தங்க ஆரம்பித்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி வண்டியில் எண்ணெய் பம்ப்பும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. அடியில் கிடக்கும் எண்ணெயைச் சுழலும் பாகங்கள் வாரி இறைத்துக்கொள்ளும். ஆகவே புது வண்டி வாங்கியவர் சில நூறு மைல் ஓட்டியவுடனே எண்ணெயை வடித்துவிட வேண்டும் என்று கம்பெனியின் புத்தகமே சொல்லிற்று. வடித்த பிறகு மண்ணெண்ணெயை ஊற்றி, யந்திரத்தைக் கையால் சுற்றிக் கழுவும்படியும் அதில் யோசனை இருந்தது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ரொம்ப காலம் நடந்து வந்த மண்ணெண்ணெய்க் கழுவல் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. மூலை முடுக்கில் தங்குகிற மண்ணெண்ணெய் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும் என்று பிற்காலத்தில் அதை வேண்டாம் என்றார்கள். நம்மவர்கள் அதைக் கைவிட இன்னும் சில காலம் பிடித்தது.

அப்போதெல்லாம் புது யந்திரம் என்றால் இறுக்கமான யந்திரம். ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்த கைகள் சுரண்டி, ராவி, நீல மை தடவிப் பார்த்துப் பொருத்துவார்கள். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. இதை உடைத்துக் காட்டியவர் காடிலாக் வண்டிகளைச் செய்த ஹென்றி லீலண்ட். 1908-இல், இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில், மூன்று காடிலாக் வண்டிகளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து குவித்தார்கள். அந்தக் குவியலிலிருந்து எடுத்து எடுத்து, மீண்டும் மூன்று வண்டிகளைப் பூட்டி, உடனே 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. ராயல் ஆட்டோமொபைல் கிளப் தனது டூவர் கோப்பையை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது. அளவு என்ற ஒன்று கைத்திறமையை ஜயித்த நாள் அது. இருந்தாலும் எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும், இரண்டு புது உலோகப் பரப்புகள் ஒன்றோடு ஒன்று பழகுவதற்கு ஒரு காலம் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தை இங்கிலீஷ்காரர்கள் 'ரன்னிங் இன்' என்றார்கள். இங்கிலாந்தில் 1930-களிலிருந்து 1960-கள் வரை, புது வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன், தயவு செய்து முந்திச் செல்லுங்கள்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நிறைமாத கர்ப்பிணி நடப்பதைப் போல் அந்த வண்டிகள் போகும். சிலர் ரன்னிங் இன் முடிந்த பிறகும் வெகு நாள் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தார்களாம். வண்டி புதியது என்று தெரிய வேண்டாமா? இந்த மனுஷ சுபாவத்துக்குத் தேசம் ஏது? வாங்கிய ஸோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருஷம் கிழிக்காத வீடுகள் என் தெருவிலேயே மூன்று உண்டு.

பிரிட்டிஷ் வண்டிகளின் கைப்புத்தகங்கள் முதல் 500 மைல் வேகத்தை அடக்கச் சொல்லும், 500 மைலில் எண்ணெயை வடிக்கச் சொல்லும். நம் அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வண்டியின் வார்ப்பு. வங்காளத்தில் உத்தர்பாடாவில் 2014 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வண்டியோடு கூட அந்த 500-ம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. எண் மட்டும் மாறவில்லை. 500 மைல் என்பது 800 கிலோமீட்டர் என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சீக்கிரம் மாற்றுவதில் நஷ்டம் எண்ணெயின் விலை மட்டுமே என்பதால், தவறு நல்ல பக்கத்திலேயே நின்றது.

வயதான மேஸ்திரி எனக்கு விளக்கியதை இங்கே சொல்லிவிட வேண்டும். ரீபோர் செய்த சிலிண்டரை வழவழவென்று கண்ணாடி மாதிரி விடக்கூடாது. ஹோனிங் கல்லைச் சுழற்றி மேலும் கீழும் ஓட்டி, வலை பின்னியது போல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட வேண்டும். அந்தக் கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். மேடுகள் புது ரிங்கின் மேல் உராய்ந்து தேயும். ரிங்கும் தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று வளைந்து கொடுத்து, காற்றுப் புகாதபடி சேர்ந்துகொள்ளும். பேரிங்கைப் போல் ரிங் எப்போதும் எண்ணெயில் மிதப்பதில்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில் டவர் கண்ட படலம் அறுந்துபோகும். அங்கேதான் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கின்றன. தேய்ந்த பொடி எங்கே போகும்? எண்ணெய்க்குள்தான். முதல் சில நூறு மைலில் ஒரு யந்திரம் உதிர்க்கிற உலோகத்தை, அப்புறம் பல ஆயிரம் மைலுக்கு அது உதிர்ப்பதில்லை.

"மெதுவாக ஓட்டு, மெதுவாக ஓட்டு என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் யந்திரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள், சார்" என்றும் அவர் சொன்னார். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டும் அல்ல. எரிகிற வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. பாரமே கொடுக்காமல் தாலாட்டுவது போல் ஓட்டினால் ரிங் சுவரைச் சரியாகப் பற்றாது. எண்ணெய் கருகி, கீறல்களை மூடிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். அப்புறம் அந்த வண்டி ஆயுள் முழுவதும் எண்ணெய் குடிக்கும். கொஞ்சம் பாரம் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கத்தரி வெயிலில் கன்னியாகுமரிக்கு விரட்டுவது இதில் சேராது என்பதையும் அவரே சொன்னார்.

வடிகட்டி இருக்கிறதே, அது என்ன செய்தது என்று கேட்டேன். அதற்கும் சரித்திரம் உண்டு. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்ற அமெரிக்கர் 1920-களின் ஆரம்பத்தில் மோட்டார் எண்ணெய்க்கு ஒரு வடிகட்டி செய்து, பியூரோலேட்டர் என்று பெயரிட்டார். 1924-இல் வெளிவந்த முதல் கிரைஸ்லர் வண்டியிலேயே எண்ணெய் வடிகட்டி இருந்தது. ஆனால் அந்தக் காலத்து வடிகட்டிகள் ஓடும் எண்ணெயில் ஒரு பகுதியைத்தான் வடித்தன. மீதி எண்ணெய் வடிகட்டியைப் பார்க்காமலே பேரிங்குக்குப் போய்விடும். முழு எண்ணெயையும் வடிக்கும் ஏற்பாடு பரவியது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. அதிலும் ஒரு ரகசியம்: வடிகட்டி அடைத்துக்கொண்டால், எண்ணெய் நின்றுபோய் யந்திரம் எரிந்துவிடாமல் இருக்க, ஒரு வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். எண்ணெய் இல்லாமல் போவதைவிட அழுக்கெண்ணெய் மேல் என்பது யந்திரத்தின் தர்மம்.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து நான் ஏமாந்தேன் அல்லவா? நிறத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். 1930-களில் அமெரிக்காவில் காடர்பில்லர் கம்பெனியின் டீஸல் டிராக்டர்களில் ரிங்குகள் கசடு பிடித்து ஒட்டிக்கொண்டன. கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியார், சோப்பைப் போல் அழுக்கைப் பற்றி மிதக்க வைக்கும் மருந்து கலந்த எண்ணெயை 1935-இல் கொண்டு வந்தார்கள். பழைய எண்ணெயில் அழுக்கு அடியில் படியும், மேலே எண்ணெய் தெளிவாகத் தெரியும். புதிய எண்ணெய் அழுக்கைத் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிவதால் சீக்கிரம் கறுக்கும். நம் டிரைவர்கள் வெகு காலம் கறுத்த எண்ணெயை மட்டம் என்றும், கறுக்காத எண்ணெயை உயர்ந்தது என்றும் நம்பினார்கள். உலோகப் பொடியோ எண்ணெயைக் கறுக்கச் செய்யாது. அது லேசாகச் சாம்பல் பூக்க வைக்கும், வெளிச்சத்தில் மினுமினுக்கும். நான் அளவுகோலில் பார்த்தது அதைத்தான். பார்த்தும் பார்க்கவில்லை.

ரீபோர் என்ற வார்த்தை தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பரவியதற்கு யுத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1942-இல் பர்மா விழுந்தது. ஏனாங்ஜாங் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பானியர் கையில் சிக்காமல் இருக்க, பிரிட்டிஷாரே அந்த ஏப்ரலில் நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு. பஸ்களின் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி. வி. எஸ். கம்பெனியார் அந்தக் கரிவாயு சாதனத்தைச் செய்து விற்றார்கள். சௌகரியம் பெரிது, ஆனால் கரியின் சாம்பல் துகள் வடிகட்டியைத் தாண்டி சிலிண்டருக்குள் போகும். சாம்பலும் எண்ணெயும் சேர்ந்தால் ராவுகிற பசைதான். சிலிண்டர்கள் தேய்ந்தன. சீமையிலிருந்து உதிரி பாகம் வராது. இருந்ததைக் கடைந்து, அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் நம் மேஸ்திரிகள். 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்பட்ட பிறகு, பிஸ்டனுக்காகக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை குறையத் தொடங்கிற்று. என் மேஸ்திரி கரிவாயு பஸ்களின் காலத்தில் சிறு பையனாக ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தே அதில் கரிச் சாம்பலா, இரும்பா, பித்தளையா என்று சொல்லுவார்.

அவர்தான் எங்கள் வழக்கின் தீர்ப்பையும் சொன்னார். பேரிங்கில் பதிந்திருந்தவற்றில் பெரும்பாலானவை உலோகப் பொடியே அல்ல. ஹோனிங் கல்லின் பொடி. கடைந்த பிறகு சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, துணி வெள்ளையாகவே வரும்வரைக்கும் விடக்கூடாது. முதலில் வேலை செய்த ஒர்க்‌ஷாப்காரர், அவர் யாராயிருந்தாலும் இருக்கட்டும், மண்ணெண்ணெயால் அலசிவிட்டு விட்டிருக்கிறார். மண்ணெண்ணெய் அந்தப் பொடியைக் கீறல்களுக்குள்ளே இன்னும் நன்றாகத் தள்ளுமே தவிர எடுக்காது.

"அப்படியானால், கிளம்புவதற்கு முன்னாலேயே எண்ணெயை மாற்றியிருந்தால்?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பேரிங் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிழைத்திருக்கலாம், சார். முந்நூறில் மாற்றியிருந்தால் பாதிப் பொடி வெளியே போயிருக்கும். பிழைக்காமலும் இருந்திருக்கலாம்."

இத்தனை வருஷங்களில் நான் படித்ததெல்லாம் அந்தப் பதிலைத் தாண்டி என்னைக் கொண்டுபோகவில்லை. மோட்டார் தொழில் எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்றைய தொழிற்சாலைகளில் கீறல் போட்ட பிறகு அதன் முனைகளை மட்டும் மழுக்கிவிடுகிறார்கள். முதல் சில நூறு மைல் செய்ய வேண்டிய வேலையைக் கல்லே செய்துவிடுகிறது. பல புது கார்களுக்கு இப்போது 500 மைல் கட்டாயம் கிடையாது. ஆனால் புது மோட்டார் சைக்கிளின் முதல் ஸர்வீஸில் எண்ணெய் மாற்றும் வழக்கம் இருக்கிறது. பிரித்துப் பூட்டிய பழைய யந்திரத்துக்கோ பழைய சட்டமேதான். அதைச் செய்யும் இடம் தொழிற்சாலை அல்ல, தெரு ஓரத்துக் கொட்டகை. காற்றில் புழுதி பறக்கும். பக்கத்தில் ஒருவர் இரும்பை ராவிக்கொண்டிருப்பார்.

வடித்த எண்ணெய் என்ன ஆகிறது என்பது தனிக் கதை. வண்டி அச்சுக்குப் போடுவார்கள். கரையான் ஏறாமல் மரத்துக்குப் பூசுவார்கள். கட்டடம் கட்டுகிறவர்கள் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவார்கள். அதைத் தரையிலும் சாக்கடையிலும் கொட்டுவது விஷம் என்று இப்போது சட்டமே இருக்கிறது. அன்றைக்கு, "சாக்கடையிலா கொட்டுவது" என்று நான் சொன்னதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் சரி.

கிராங்க் அச்சைக் கடைந்து, மறுபடி யந்திரத்தைப் பூட்டினோம். இந்தத் தடவை பணம் என்னுடையது. ஒரு நாவலுக்கு வாங்கியிருந்த முன்பணம் அப்படியே போயிற்று. வளையல்கள் மூழ்கிப் போனவை மூழ்கிப் போனவைதான். தங்கை அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை சொன்னது இல்லை. நான் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், காப்பி டம்ளரை நீட்டுகிற அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கப் பழகிக்கொண்டேன்.

வண்டி வந்த நாலாம் நாள் மாப்பிள்ளை சைக்கிளில் நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். ஹாண்டில் பாரில் ஒரு பழைய பால் பவுடர் டின் தொங்கிற்று. நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிட்டாராம். ஐந்நூறில் இன்னொரு தடவை மாற்றப் போகிறாராம்.

"பாருங்கள், மச்சான்" என்று மூடியைத் திறந்து வெயிலில் காட்டினார்.

தேன் நிற எண்ணெய். குனிந்து பார்த்தேன். அவர் டின்னை லேசாகச் சுழற்றினார். அடியிலிருந்து வெள்ளித் தூள் மாதிரி ஒரு மினுக்கம் எழும்பி, வட்டமாகச் சுற்றி, மெல்ல மெல்ல அடங்கிற்று.

"இதையா ஊற்றிக்கொண்டு போனோம்?" என்றேன்.

"இது கம்மி" என்று சொல்லிவிட்டு அவர் மூடியைப் போட்டு இறுக்கினார்.